மணமேல்குடி: ஒரு கடற்கரை ஊரின் வரலாறும் தொன்மங்களும்

மணமேல்குடி என்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், பாக் விரிகுடாவை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊராகும். அதே பெயர் கொண்ட வட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் இதுவே தலைமையிடம். சைவ இலக்கியங்களில் மணமேற்குடி என்று வழங்கும் இவ்வூர், அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரும் பாண்டிய மன்னனின் அமைச்சருமான குலச்சிறை நாயனாரின் பிறப்பிடமாகப் போற்றப்படுகிறது. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கித் தெற்கே மீமிசலைக் கடந்து இராமநாதபுரம் மாவட்ட எல்லை வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளும் புதுக்கோட்டைக் கடற்கரையில், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் ஆகியவை இதன் அண்டை ஊர்கள். மணமேல்குடியின் வரலாற்றை இந்த ஊர்களிலிருந்து பிரித்து எழுத இயலாது. ஏனெனில் பக்தர், வழிப்போக்கர், வணிகர், மீனவர் ஆகிய எல்லோரும் இக்கரையை ஒரே வழியாகவே பயன்படுத்தியுள்ளனர்.

நிர்வாக வரலாறு

புதுக்கோட்டை என்றவுடன் நினைவுக்கு வரும் தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே இருந்ததில்லை. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகும் வரை, அது நாற்புறமும் நிலம் சூழ்ந்த அரசாகவே விளங்கியது. மணமேல்குடியும் அதன் அண்டைப் பட்டினங்களும் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்து அறந்தாங்கி வட்டத்தில் இருந்தன. 1974 ஜனவரி 14 அன்று, பழைய சமஸ்தானப் பகுதியோடு தஞ்சாவூர் மாவட்டத்தின் சில பகுதிகளையும் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டபோதுதான் புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது.

இந்த நிர்வாகச் செய்தி, ஊரின் வரலாறு எழுதப்பட்ட முறையையும் பாதித்துள்ளது. சமஸ்தானம் தனது கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டது. பின்னர் விரிவான வரலாற்றுக் கையேடுகளையும் வெளியிட்டது. தமிழகத்தில் வேறு பல சிற்றரசுகளுக்குக் கிட்டாத இந்தப் பேறு, எல்லைக்கு வெளியே இருந்த கடற்கரைக்கு வாய்க்கவில்லை. தஞ்சாவூரின் வரலாற்றாசிரியர்கள் காவிரிப் படுகையிலும் பெருவுடையார் கோயிலிலும் ஈடுபட்டிருந்தார்களேயன்றித் தங்கள் மாவட்டத்தின் தென்கோடியை அதிகம் பொருட்படுத்தவில்லை. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் வரலாற்றிலோ இக்கரை வடக்கெல்லைப் போர்களின்போது மட்டும் தலைகாட்டுகிறது. ஆகவே மணமேல்குடியைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி ஆவணங்களிலிருந்து அல்லாமல், இலக்கியத்திலிருந்தும், தலபுராணம் எனப்படும் கோயில் வரலாற்றுக் கதைகளிலிருந்தும், வாய்மொழி மரபிலிருந்துமே திரட்டப்பட வேண்டியுள்ளது.

சங்க காலப் பின்னணி

திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குன்றுகளில் தோன்றிப் புதுக்கோட்டை நகருக்கு அருகே ஓடி, அறந்தாங்கிச் சீமையைக் கடந்து பாக் விரிகுடாவில் கலக்கும் தென்வெள்ளாறு, சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாக மரபில் கருதப்பட்ட ஆறு. அதன் கடல்முகத்தை ஒட்டிய இந்த வட்டாரமும், அதற்குத் தெற்கே ஆவுடையார்கோயில், மீமிசல் வரை பரந்த நிலமும் மிழலைக் கூற்றம் என்ற பழைய நாட்டுப் பிரிவோடு ஆய்வாளர்களால் தொடர்புபடுத்தப்படுகின்றன. கூற்றம் என்பது பல ஊர்களை உள்ளடக்கிய பழந்தமிழ் ஆட்சிப் பிரிவாகும்.

மிழலை, வேள் எவ்வி என்னும் குறுநிலத் தலைவனுக்கு உரியதாக இருந்தது. பாண்டிய மன்னன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் அதனையும், அதற்கு அண்மையிலிருந்த முத்தூற்றுக் கூற்றத்தையும் வென்று தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்ட செய்தியை, மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றின் 24ஆம் பாடல் தெரிவிக்கிறது. அப்பாடலில் வரும் கடற்கரைக் காட்சி குறிப்பிடத்தக்கது. நெல் அறுக்கும் உழவர்கள் வெயில் தாங்காமல் கடல் அலைமீது பாய்கிறார்கள். திமில் என்னும் மீன்பிடிப் படகை உடைய பரதவர் கள்ளுண்டு குரவை ஆடுகிறார்கள். மகளிர் பனைநுங்கின் நீரையும் கரும்பின் சாற்றையும் இளநீரையும் கலந்து குடித்துக் கடலாடுகிறார்கள். வயலும் அலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்த நிலஅமைப்பை, ஏரிப்பாசன வயல்கள் கடலுக்கு மிக அருகே வரை நீண்டுகிடக்கும் மணமேல்குடி வட்டத்தில் இன்றும் காணலாம்.

குலச்சிறை நாயனார்

இவ்வூரின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தவர் கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குலச்சிறையார். நின்றசீர் நெடுமாறன் என்றும், முதுகு கூனியிருந்தமையால் கூன்பாண்டியன் என்றும் சைவ மரபு குறிப்பிடும் பாண்டிய மன்னனுக்கு அவர் தலைமை அமைச்சர். அம்மன்னன் நெல்வேலிப் போரில் வென்ற அரிகேசரி மாறவர்மனே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு.

நாயன்மார்களுள் பலரைப் பற்றிப் பிற்கால நூல்களைத் தவிர வேறு சான்று இல்லை. குலச்சிறையாரின் நிலை அவ்வாறன்று. அவர் காலத்தவரான திருஞானசம்பந்தர் மதுரையில் பாடிய பதிகம் ஒன்றில், ஒரு பாடல் விட்டு ஒரு பாடலாக அரசி மங்கையர்க்கரசியாரையும் அமைச்சர் குலச்சிறையாரையும் பெயர் சுட்டிப் புகழ்கிறார். ஆகவே, இத்தகைய அமைச்சர் ஒருவர் வாழ்ந்தார் என்பதிலும், அவர் அடியார்களைப் போற்றியவர் என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை. பின்னர் சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் அவரைப் பெருநம்பி என்ற அடைமொழியோடு வணங்கினார். அவரை மணமேற்குடிக்கு உரியவராகக் குறிக்கும் வழக்கத்தை நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியிலேயே காண்கிறோம். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் பெரியபுராணத்தில் அவருக்கெனத் தனிப் பகுதி அமைத்தார்.

சேக்கிழாரின் ஊர் வருணனையில் ஒரு வியப்பு உண்டு. செந்நெல் வயல், அதன் அயலே கரும்பு, புறத்தே கமுகந்தோட்டம் என்று மணமேற்குடியை மருதநில ஊராகவே அவர் வருணிக்கிறார். அங்கே கடல் இல்லை. நாகைப்பட்டினத்தில் அதிபத்த நாயனாரின் மீனவக் குடியிருப்பைக் காயும் மீனும் வலையும் படகுமாக நுணுக்கமாக எழுதிய அதே புலவர், இங்கே கடலைத் தவிர்த்ததற்குக் காரணம், அமைச்சரின் ஊர் செல்வம் மிக்க வேளாண் ஊராக இருத்தல் வேண்டும் என்ற காப்பிய மரபாக இருக்கலாம். அல்லது அவர் காலத்து மணமேற்குடியின் குடியிருப்பு கரையிலிருந்து சற்று உள்ளே வயல்களின் நடுவே இருந்திருக்கலாம். இன்றும் ஊருக்கும் அலைவாய்க்கும் இடையே ஓரளவு தொலைவு உண்டு என்பதால் இரண்டாவது விளக்கமும் தள்ளத்தக்கதன்று.

குலச்சிறையாரின் தொண்டாகச் சேக்கிழார் எடுத்துரைப்பது எளியது. சிவனடியார்கள் நான்கு வருணத்தாராயினும் அவற்றிற்குக் கீழாகக் கருதப்பட்டவராயினும், நற்குணம் உடையவராயினும் அது இல்லாதவராயினும், கூட்டமாக வந்தாலும் தனியொருவராக வந்தாலும் வேறுபாடு பாராமல் அவர்களை வணங்கி உணவளித்தல் என்பதே அது. அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒருவர் செய்த செயல் என்பதால்தான் இது புராணத்தில் இடம்பெற்றது.

அவரது வாழ்வின் பெரிய நிகழ்ச்சிகள் திருஞானசம்பந்தர் புராணத்துக்குள் வருகின்றன. மன்னன் சமணத்தைச் சார்ந்திருந்த நிலையில், மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரணியத்தில், தங்கியிருந்த சம்பந்தருக்குத் தூது அனுப்பினர். அவர் அங்கிருந்து அகத்தியான்பள்ளி, கோடிக்கரை, இடும்பாவனம், உசாத்தானம் முதலிய தலங்களை வழிபட்டுத் திருக்கொடுங்குன்றம் எனப்படும் பிரான்மலை வழியாக மதுரை சென்றார் என்பது பெரியபுராணம் தரும் வழித்தடம். முத்துப்பேட்டைக்கு அருகிலுள்ள உசாத்தானத்திலிருந்து பிரான்மலைக்கு நேர்வழியாகச் செல்வோர் இன்றைய புதுக்கோட்டை மாவட்டப் பரப்பைக் குறுக்கே கடந்தாக வேண்டும்.

மதுரையில் சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்பட்டதும், மன்னனுக்கு வந்த வெப்புநோய் திருநீற்றால் தீர்ந்ததும், அனல்வாதம், புனல்வாதம் என்னும் போட்டிகள் நிகழ்ந்ததும் பரவலாக அறியப்பட்ட கதைகள். அனல்வாதம் என்பது ஏட்டை நெருப்பிலிட்டு அது வேகாமல் இருப்பதைக் காட்டுவது. புனல்வாதம் என்பது ஏட்டை ஆற்றிலிட்டு அது எதிரேறிச் செல்வதைக் காட்டுவது. வைகையின் வெள்ளத்தை எதிர்த்துச் சென்ற ஏட்டைக் குலச்சிறையார் குதிரை மீது கரையோரமாகத் துரத்திச் சென்று திருவேடகத்தில் எடுத்தார் என்று புராணம் கூறுகிறது. அமைச்சர் வெறும் பார்வையாளராக இல்லாமல் செயலில் இறங்கும் இடம் இது என்பதால், அவரது கதையைச் சொல்வோர் இக்காட்சியை விரித்துரைப்பது வழக்கம்.

கழுவேற்றக் கதை

போட்டியில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்றும், அத்தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு குலச்சிறையாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. கழு என்பது கூராக்கப்பட்ட மரமுனை. இச்செய்தி நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியிலும் உண்டு; ஆனால் அந்நிகழ்ச்சியின் நாயகரான சம்பந்தரின் சொந்தப் பதிகங்களில், சமணருக்கு எதிரான கடுஞ்சொற்கள் நிறைந்திருந்தும், இக்கொலையைப் பற்றிய குறிப்பு கிடையாது. சமகாலக் கல்வெட்டோ சமணர் தரப்பு நூலோ இதனைக் கூறவில்லை.

மணமேல்குடி இருக்கும் அதே மாவட்டத்தில் இதற்கு வலுவான மறுசான்று ஒன்று உள்ளது. சித்தன்னவாசல் குடைவரைச் சமணக் கோயிலை, பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் புதுப்பித்து முன்மண்டபம் எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நெடுமாறனுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் சமண ஆசிரியர் ஒருவர் மதுரையின் பெயரைத் தாங்கி, பாண்டிய ஆட்சியிலேயே திருப்பணி செய்ய முடிந்திருக்கிறது. அரச ஆதரவு சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியது வரலாறு. எண்ணாயிரவர் கழுவேறியது, அம்மாற்றத்தின் வெற்றியைப் பிற்காலத்தார் பெருக்கிச் சொன்ன கதை என்று கொள்வதே பொருந்தும்.

மணமேல்குடியில் உள்ள ஜெகதீசுவரர் கோயில் நாயனாரின் நினைவோடு இணைத்து வழிபடப்படுகிறது. அவரது குருபூசை, அதாவது அவர் சிவனடி சேர்ந்ததாகக் கருதப்படும் நாளின் வழிபாடு, ஆவணி மாத அனுட நட்சத்திரத்தில் சிவாலயங்களில் நடைபெறுகிறது.

குதிரை வாங்க வந்த மற்றோர் அமைச்சர்

குலச்சிறையாரைப் போலவே பாண்டியனின் அமைச்சராக இருந்த இன்னொருவரின் கதையும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே என்பது இக்கடற்கரையின் தனிச்சிறப்பு. மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், அரசனின் பொருளைக் கொண்டு கீழைக் கடற்கரைத் துறைமுகத்தில் வந்திறங்கும் குதிரைகளை வாங்குவதற்காகப் புறப்பட்டு வந்தபோது, திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் சிவனே குருவாக அமர்ந்திருக்கக் கண்டு, அப்பொருளை எல்லாம் கோயில் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவிட்டார். பிறகு நரிகள் குதிரைகளாகி மதுரை சென்றதும், இரவில் மீண்டும் நரிகளானதும், வைகை பெருகியதும், வந்தி என்னும் மூதாட்டியின் பிட்டுக்காகச் சிவன் மண் சுமந்ததும் திருவிளையாடற் புராணக் கதைகள். திருப்பெருந்துறை என்பது இன்றைய ஆவுடையார்கோயில். கருவறையில் இலிங்கத்தின் மேற்பகுதியான பாணம் இல்லாமல் ஆவுடை எனப்படும் அடிப்பீடம் மட்டுமே இருப்பதும், சுடச்சுட வடித்த சோற்றைக் கல்மேடையில் பரப்பி அதன் ஆவியையே நிவேதனமாக்குவதும், சட்டமும் ஆணியும் வைத்த மரவேலை போல் கருங்கல்லில் செதுக்கிய கூரை விளிம்புகளான கொடுங்கைகளும் அக்கோயிலின் புகழ்பெற்ற கூறுகள்.

மாணிக்கவாசகர் நாடிச் சென்ற துறைமுகம் எது என்பதைப் புராணம் தெளிவாகச் சொல்வதில்லை. மதுரையிலிருந்து ஆவுடையார்கோயில் வழியாகக் கிழக்கே சென்றால் வந்து சேரும் கரை, மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடைப்பட்ட பட்டினங்களே என்பதால், வட்டார மரபு அப்பெருமையை இக்கரைக்கு உரியதாக்குகிறது. நரி பரியான அற்புதத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால், கதையின் அடிப்படையான குதிரை வணிகம் உண்மையானது. தமிழ்நாட்டின் நிலமும் தட்பவெப்பமும் நல்ல குதிரைகளை வளர்க்க ஏற்றவை அல்ல. எனவே படைக்கு வேண்டிய குதிரைகள் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கடல்வழியே ஆண்டுதோறும் இறக்குமதியாயின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர்கள் இதற்காகப் பெருஞ்செல்வத்தைச் செலவிட்டதையும், குதிரைகளைப் பேணும் முறை தெரியாததால் அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனதையும் எழுதியுள்ளார். கருவூலத்தை ஒட்ட வடித்த செலவாக இது இருந்திருக்க, அப்பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சரை மக்கள் நினைவு கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆவுடையார்கோயிலுக்குத் தெற்கே பாம்பாற்றின் பகுதியில் உள்ள திருப்புனவாசல், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பாண்டிநாட்டுத் தலங்களுள் ஒன்று. அங்குள்ள பழம்பதிநாதர் கோயிலின் இலிங்கத்துக்கு மூன்று முழத் துணி போதும், ஆவுடைக்கு முப்பது முழம் வேண்டும் என்பது அதன் பேருருவைச் சொல்ல வழங்கும் சொலவடை.

சேதுப் பாதையும் இராமர் கதைகளும்

மணமேல்குடியிலிருந்து தெற்கே செல்லச் செல்லக் கதைகளின் தலைவர் மாறுகிறார். மீமிசலில் கல்யாணராமர் கோயில் உண்டு. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வரும் தீர்த்தாண்டதானத்தில், சீதையைத் தேடி வந்த இராமரின் தாகம் தீர்க்கத் தீர்த்தம் தோன்றியது என்பது தலபுராணம். அதற்கும் தெற்கே உப்பூரில் இராமர் விநாயகரை வழிபட்டார், தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கற்களை நட்டுக் கோள்களை வணங்கினார் என்று கதை தொடர்ந்து இராமேசுவரத்தில் முடிகிறது. இக்கதைகள் நிகழும் இடங்களை வரிசைப்படுத்தினால் அது சேதுப் பாதை எனப்பட்ட பழைய யாத்திரை வழியாகவே அமைகிறது. காசியிலிருந்தும் பிற வடபுலங்களிலிருந்தும் இராமேசுவரத்துக்கு நடந்து சென்றோர் தங்கிய ஒவ்வோர் இடத்திலும் இராமரும் தங்கியதாகக் கதை எழுந்தது என்று கருதுவது தவறாகாது.

தஞ்சை மராத்திய மன்னர்கள் இவ்வழியில் சத்திரங்கள் கட்டினர். சத்திரம் என்பது வழிப்போக்கர்க்கு உணவும் தங்கிடமும் விலையின்றி அளித்த அறநிலையம். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம், கடற்கரையில் சேதுபாவாசத்திரம் எனத் தொடர்ந்த சங்கிலியில் மணமேல்குடியும் மீமிசலும் இடம்பெற்றன. 1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்ற பின்னரும் மன்னர் இரண்டாம் சரபோஜி சத்திரங்களைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள முனைந்தார். சாதி, சமய வேறுபாடின்றி எல்லோர்க்கும் உணவளிப்பதும், நோயுற்ற யாத்திரிகர்க்கு மருத்துவம் பார்ப்பதும், கருவுற்ற பெண்களுக்குப் பேறுகாலம் பார்ப்பதும் அங்கு நடைபெறுவதை 1801இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். இருப்புப்பாதை வந்து யாத்திரிகர் நடப்பதை நிறுத்திய பின் இக்கட்டடங்கள் பயனிழந்தன. கதைகள் மட்டும் தங்கிவிட்டன. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் மணமேல்குடியை அடுத்த கோடியக்கரையிலும் மீமிசலிலும் மக்கள் கடலாடி முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வது அந்தப் பழைய யாத்திரை வழக்கத்தின் தொடர்ச்சியே. இந்தக் கோடியக்கரை, வேதாரணியத்தை அடுத்த பறவைகள் சரணாலயக் கோடியக்கரையிலிருந்து வேறானது. பெயரொற்றுமையால் வெளியூரார் குழம்புவதுண்டு.

பட்டினங்களும் கடல்வணிகமும்

பட்டினம் என்ற ஈறு கொண்ட ஊர்கள் இக்கரையில் அடுத்தடுத்து வருவது, ஆழம் குறைந்த இக்கடலில் பெரிய துறைமுகம் ஒன்று உருவாகாமல் தோணிகள் ஒதுங்கும் சிறு துறைகள் பல இருந்தமையைக் காட்டுகிறது. தீர்த்தாண்டதானத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, கோயிலுக்கு நன்மை செய்யக் கூடிய வணிகக் குழுக்களுள் மணிக்கிராமத்தாரையும் அஞ்சுவண்ணத்தாரையும் குறிப்பிடுகிறது. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகரின் அமைப்பு. தென்னிந்தியக் கடற்கரையில் இக்காலத்தில் அதில் முசுலிம்கள் மிகுந்திருந்தனர். வேற்றுச் சமய வணிகர் இராமர் கதை வழங்கும் சிவன் கோயிலுக்குத் தங்கள் சரக்கின் மீது மகமை என்னும் அறக்கட்டணம் விதித்துக்கொண்ட அந்நிகழ்ச்சி, இக்கரையின் சமூக வரலாற்றுக்குக் கிடைத்த மிகச் சிறந்த கல்லெழுத்துச் சான்று எனலாம். 1340களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்த இபின் பதூதா, பத்தன் என்னும் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருப்பதும் இங்கே கருதத்தக்கது. அது பெரியபட்டினமா, தேவிபட்டினமா, வேறோர் ஊரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை.

கடல்வணிகத்தோடு வளர்ந்த முசுலிம் குடியிருப்புகள் அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்களில் இன்றும் உள்ளன. கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் அப்பா என்று மக்கள் அழைக்கும் இறைநேசரின் தர்கா உள்ளது. தர்கா என்பது இறைநேசர் அடக்கமான இடம். அவர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கந்தூரி விழாவுக்கும் சந்தனக்கூட்டுக்கும் இந்துக்களும் பெருமளவில் வருகின்றனர். அவரது அருளால் நோய் தீர்ந்ததாகவும் கடலில் தவித்தோர் கரை சேர்ந்ததாகவும் கூறும் கதைகள், நாகூர் ஆண்டகையைப் பற்றிச் சோழமண்டலக் கரை முழுவதும் வழங்கும் கதைகளோடு ஓரினமானவை.

15ஆம் நூற்றாண்டு முதல் அறந்தாங்கியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட தொண்டைமான்கள், புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கு முந்திய தனி மரபினர். அவர்களுக்குப் பின் இக்கரை சேதுபதிகளுக்கும் தஞ்சை மராத்தியருக்கும் இடையே கைமாறி, 18ஆம் நூற்றாண்டில் பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள பகுதி தஞ்சையின் வசமாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் இப்பட்டினங்கள் இலங்கையோடு வணிகம் செய்த சிறு துறைமுகங்களாக இருந்தன. விடுதலைக்குப் பின் கடவுச்சீட்டும் சுங்கக் கட்டுப்பாடும் இறுகியதும் அவ்வணிகம் மறைந்தது.

கடலும் மீன்பிடியும்

பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் மீனவர் சொல்வர். முன்னது ஆழமின்றி, அலையடங்கி, சேறும் கடற்புல்லும் நிறைந்தது. பின்னது ஆழமும் சீற்றமும் உடையது. வடக்கிலிருந்து வரும் வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், மேற்கிலிருந்து வரும் கச்சான், தெற்கிலிருந்து வரும் சோளகம் என்று காற்றின் பெயரால் பருவங்களை அறிந்து தொழில் செய்யும் அறிவு பாய்மரக் காலத்தில் இன்றியமையாததாக இருந்தது. பாக் விரிகுடாவின் வடகரையில் ஓடிய மூன்று பாய்மரத் தோணிகளில், காற்றடிக்கும் பக்கம் நீண்ட பலகையை வெளியே தள்ளி, அதன்மேல் ஆட்கள் அமர்ந்து தோணி சாயாமல் காத்த முறையை, இந்தியப் படகுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவுசெய்தார். நண்டு, இறால், கணவாய், காரல் ஆகியன இக்கரையின் முதன்மையான மீன்வளங்கள்.

இன்று கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் தளங்கள். மணமேல்குடியை ஒட்டிய சிற்றூர்களில் நாட்டுப்படகு மீன்பிடி நிலைத்துள்ளது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் எஞ்சிய நாள்களில் நாட்டுப்படகும் கடலுக்குச் செல்வது பாக் விரிகுடாவின் நடைமுறை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்த அதே 1974ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணைப் பகுதியில் கடல் எல்லையை வரையறுத்து உடன்பாடு செய்தன என்பது வரலாற்றின் ஒரு பொருத்தம். இரு கரையாரும் பொதுவாகப் பயன்படுத்திய குறுகிய கடல் அதன்பின் பிளவுண்டது. இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் அது 2009இல் முடிந்த பின்னரும் எல்லை தாண்டியதாகக் கைதாவதும் படகுகள் பறிபோவதும் இக்கரை மீனவரின் வாழ்வில் வழக்கமாகிவிட்டன. 2021 ஜனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியதில் அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். மறுபுறம், தமிழக விசைப்படகுகளின் இழுவை மடி வலை தங்கள் கடலின் அடித்தளத்தையே அரித்துவிடுகிறது என்பது வடஇலங்கைத் தமிழ் மீனவரின் முறையீடு. அதிலும் நியாயம் உண்டு.

2004ஆம் ஆண்டுச் சுனாமியின்போது இலங்கைத் தீவு மறைத்து நின்றதால் இக்கரை நாகப்பட்டினத்தைப் போல அழியவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளையும் படகுகளையும் பெருமளவில் அழித்தது. மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடுகள் உள்ளன. அலையாத்தி என்பது உப்புநீர்ச் சேற்றில் வளர்ந்து அலையின் வேகத்தைத் தணிக்கும் மரவகை.

ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு, கடற்புல்லை மட்டுமே மேய்ந்து வாழும் பாலூட்டி. ஒரு காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு இப்போது மிக அருகிவிட்டது. அதைக் காக்க, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. வலையில் சிக்கும் ஆவுளியாவை உயிரோடு கடலில் திரும்ப விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்து வருகிறது.